பழைய கார்: லாபமா, சுமையா?

தஞ்சாவூர்ச் சீமையில் நெல் விற்ற பணம் கைக்கு வந்தால் அதற்கு முன்பே மூன்று செலவுகள் காத்துக் கொண்டிருக்கும். கடனை அடைக்க வேண்டும்; அடகு வைத்த நகையை மீட்க வேண்டும்; வீட்டில் கல்யாண வயதில் யாரேனும் இருந்தால் அதற்கும் எடுத்து வைக்க வேண்டும். இந்தப் பட்டியலில் இப்பொழுது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் மோட்டார் கார். புதுக் கார் அல்ல. யாரோ ஒருவர் ஏழெட்டு வருஷம் ஓட்டிவிட்டுக் கை கழுவுகிற சின்னக் கார்.

ஒரத்தநாடு இதற்கு நல்ல உதாரணம். தஞ்சைக்கும் பட்டுக்கோட்டைக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிற ஊர். மராட்டிய மன்னர் சரபோஜி காலத்தில் எழுந்த முக்தாம்பாள் சத்திரம் அந்நாளில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டது. ஊருக்கு ரயில் கிடையாது. கல்லணைக் கால்வாய் தண்ணீர் வருகிறது. நெல்லும் கரும்பும் தென்னையும் விளைகின்றன. 2012-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆயினும் பெரிய ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், முகூர்த்தப் புடவைக் கடை ஆகிய மூன்றுக்கும் சுமார் 23 கிலோமீட்டர் கடந்து தஞ்சைக்குத்தான் போக வேண்டும். பகலில் பஸ் உண்டு. நடு இரவில் நெஞ்சு வலி என்றாலோ, பிரசவ வலி என்றாலோ அந்த 23 கிலோமீட்டர் மிக நீளமாகிவிடுகிறது. ஒரு குடும்பத்தில் கார் யோசனை பிறப்பது பெரும்பாலும் அப்படி ஓர் இரவுக்குப் பிறகுதான். ஆகவே இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சின்னக் கார் ஏன்?

தஞ்சை நகரம் 2014-ல் மாநகராட்சி ஆயிற்று. ஆனால் கீழவாசலும் நான்கு ராஜ வீதிகளைச் சார்ந்த சந்துகளும் மாநகராட்சி ஆனதற்காக அகலமாகிவிடவில்லை. குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் போவதற்காக அமைந்த தெருக்களில் இன்று லாரியும் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. இங்கே நீண்ட கார் வைத்திருப்பவர் நிறுத்த இடம் தேடியே பெட்ரோலைத் தீர்த்து விடுவார்.

‘ஹாட்ச்பேக்’ என்று சொல்லப்படும் கார், டிக்கி தனியாகப் பின்னால் நீட்டிக் கொண்டிராமல், பின்கதவு மேலே திறக்கும்படி அமைந்தது. ஆல்டோ சுமார் மூன்றரை மீட்டர் நீளம். அகலம் ஒன்றரை மீட்டருக்குள். ஸ்விஃப்ட் அதைவிடச் சற்றுப் பெரியது. ஆனாலும் 4 மீட்டருக்குள் அடங்கும். இந்த 4 மீட்டர் என்ற எல்லைக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் என்ஜினும் உள்ள காரை அரசாங்கம் ‘சிறிய கார்’ என்று கருதிக் குறைந்த வரி விதிக்கிறது. தெருவுக்கும் ஏற்றது, வரிக்கும் ஏற்றது என்று ஆனபின் சாமானியரின் கண் அதன்மேல் விழுவதில் வியப்பில்லை.

காத்திருந்த காலமும் கைமாறும் காலமும்

சுதந்திரத்துக்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் இந்நாட்டில் கார் என்றால் அம்பாஸிடர், ஃபியட், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுதான். பணம் இருந்தாலும் உடனே கிடைக்காது; பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்நாளில் பழைய காருக்கு இருந்த மவுசே தனி. உடனே கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓடிய வண்டிக்கு அதிக விலை கொடுத்தவர்கள் உண்டு.

1983 டிசம்பர் 14-ந் தேதி மாருதி 800 காரின் முதல் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். அதன் பிறகே நடுத்தர வகுப்பினரின் வாசலுக்குக் கார் வந்தது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸான்ட்ரோ வந்தது. அடுத்த வருஷம் வேகன்-ஆர், 2000-ல் ஆல்டோ, 2005-ல் ஸ்விஃப்ட், 2007-ல் ஐ-10, 2015-ல் க்விட், 2016-ல் டியாகோ என்று வரிசை நீண்டது. 2023-24-ல் இந்தியாவில் விற்ற புதிய பயணிகள் வாகனங்கள் சுமார் 42 லட்சம். 2024-25-ல் 43 லட்சம். அன்று வாங்கியவர்கள் எல்லாரும் இன்று அதே வண்டியை வைத்துக் கொண்டிருக்கவில்லை. பெரிய வண்டிக்கு மாறும்போது சின்னதை விற்கிறார்கள். ஆண்டுதோறும் கைமாறும் பழைய கார்களின் எண்ணிக்கை புதுக் கார் விற்பனையையே மிஞ்சிவிட்டதென்று வியாபார வட்டாரங்கள் மதிப்பிடுகின்றன.

அன்று வண்டி கிடைப்பது அரிதாயிருந்தது. இன்று வண்டிக்குப் பஞ்சமில்லை; நல்ல வண்டியைப் பிரித்தறிவதுதான் அரிதாயிருக்கிறது. வாங்குவோர் இந்த மாறுதலை உணர வேண்டும். “இன்றைக்கே முடித்துக் கொள்ளுங்கள், நாளைக்கு இருக்காது” என்று தரகர் அவசரப்படுத்தினால் அவசரப்பட வேண்டிய நியாயம் எதுவுமில்லை. இது இல்லாவிட்டால் இன்னொன்று நிச்சயம் வரும்.

வரி குறைந்தது, கணக்கு மாறியது

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் பெட்ரோலில் ஓடும் சிறு காருக்கு வரி 28 சதவீதம். அதற்கு மேல் 1 சதவீதம் ஈட்டுவரியும் உண்டு. இதன் பலன் உடனே தெரிந்தது. மாருதி கம்பெனி அப்போது அறிவித்தபடி ஆல்டோ கே-10 காரின் ஆரம்ப விலை 3,69,900 ரூபாய். எஸ்-பிரஸ்ஸோ 3,49,900 ரூபாய். வேகன்-ஆர் 4,98,900 ரூபாய்.

கடையில் சொல்லும் விலை வேறு, சாலையில் இறங்கும் விலை வேறு என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட ஆயுள் வரியின்படி 5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட காருக்கு 12 சதவீதம் கட்ட வேண்டும். 3,69,900 ரூபாய்க் காருக்கு இது சுமார் 44,000 ரூபாய். இன்சூரன்சும் பதிவுச் செலவும் சேர்ந்தால் நாலே கால் லட்சத்தைத் தாண்டிவிடும். அதுவும் ஏர்கண்டிஷன் இல்லாத அடிப்படை ரகத்துக்கு.

எனினும் பழைய கார் வாங்குவோர் கையில் இது ஓர் அளவுகோலைக் கொடுத்திருக்கிறது. புது வண்டி நாலே கால் லட்சத்துக்கு இறங்குகிறபோது, அதே ரகத்தில் நான்கு வயதான வண்டிக்கு மூன்றரை லட்சம் கேட்பது நியாயமாகுமா? முக்கால் லட்சம் மிச்சம் பிடிக்கப் போய், கம்பெனியின் உத்தரவாதத்தை இழந்து, வண்டிக் கடனுக்கு அதிக வட்டியும் கட்டினால் மிச்சம் எங்கே? வரி குறைவதற்கு முன் நிலவிய விலையையே இன்னும் சொல்லிக் கொண்டிருக்கும் விற்பனையாளரிடம் இந்தக் கணக்கைத் தாராளமாக எடுத்துச் சொல்லலாம். புதிய வண்டியின் சாலை விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனால் பழைய வண்டியை விட்டுப் புதியதைப் பற்றி யோசிப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொரு வரியைப் பற்றியும் வீண் பீதி நிலவியது. 2024 டிசம்பர் 21-ல் ஜைசால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய சிறு கார் விற்பனை மீதான வரியை 12-லிருந்து 18 சதவீதமாக உயர்த்தியது. காரின் முழு விலைக்கும் வரி என்று பலர் எண்ணிவிட்டனர். உண்மை அதுவன்று. ஜி.எஸ்.டி.யில் பதிவு பெற்ற வியாபாரி தம் லாபத்துக்கு மட்டுமே இவ்வரி செலுத்த வேண்டும். 2,50,000-க்கு வாங்கி 2,90,000-க்கு விற்றால் லாபம் 40,000. அதற்கு வரி 7,200. முன்பு 4,800. வித்தியாசம் 2,400 ரூபாய்தான். ஒரு தனி மனிதர் தம் காரை இன்னொருவருக்கு விற்றால் இந்த வரியே கிடையாது. ஆகவே, “ஜி.எஸ்.டி. ஏறிவிட்டது” என்று சொல்லி யாராவது 20,000 கூட்டிக் கேட்டால் அது வரியல்ல, வெறும் சாக்கு.

எந்த வருஷத்து வண்டி?

பழைய கார் வாங்குவோர் கிலோமீட்டர் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது வண்டி பிறந்த வருஷம். நான்கு எல்லைக் கோடுகளை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

முதலாவது, 15 வருஷம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 வருஷம் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. டில்லியில் போலப் பழைய வண்டிக்கு வயதை வைத்தே தடை இங்கு இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் 13 வயது வண்டியை மலிவு என்று வாங்குகிறவர், இரண்டே வருஷத்தில் வரப்போகும் இந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, 2019 ஜூலை. பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக் கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். சாதனம் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுபவருக்கு ஏர்பேக் 2019 ஜூலை முதலும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்திய மலிவு ரகங்களில் பலவற்றில் இரண்டும் கிடையாது. 2014-ல் குளோபல் என்காப் என்ற அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஐந்து இந்தியச் சிறு கார்களை மோதிச் சோதித்தது. ஐந்துக்கும் பூஜ்யமே கிடைத்தது. தஞ்சை – பட்டுக்கோட்டைச் சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையே குடும்பத்தோடு செல்கிறவர்கள் இதை அலட்சியம் செய்யலாகாது. சில ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்தாவது இந்தக் கோட்டுக்கு இப்பால் உள்ள வண்டியை வாங்குவதே உயிருக்குப் பாதுகாப்பு.

மூன்றாவது, 2020 ஏப்ரல். அன்றிலிருந்து பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி அமலில் இருக்கிறது. மாருதி அதோடு டீசல் கார் செய்வதையே நிறுத்திக் கொண்டது. பி.எஸ்.-6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நீண்ட தூரம் வேகமாக ஓடினால்தான் அது தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ளும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வருகிற வண்டியில் அது அடைத்துக் கொண்டு தொல்லை தரும். ஆகவே ஊருக்குள் ஓட்டப் பெட்ரோல் வண்டியே தகுந்தது.

நான்காவது, 2023 ஏப்ரல். நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பின் செய்யப்பட்ட கார்கள் இதற்கு ஏற்றவை. அதற்கு முந்திய வண்டிகளும் ஓடும். ஆனால் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு என அமைந்து, 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோகின் 2021-ம் வருஷ அறிக்கையே மதிப்பிட்டது. பழைய வண்டியில் பெட்ரோல் குழாயின் ரப்பர் பாகங்களை மெக்கானிக்கிடம் காட்டிச் சோதித்துக் கொள்வது நல்லது.

ஆக, மூன்று லட்சம் ரூபாய்க்குள் வாங்க நினைக்கிற குடும்பத்துக்கு 2019 பிற்பகுதியிலிருந்து 2021 வரை பிறந்த பெட்ரோல் சிறு காரே பொருத்தமானது. கம்பெனியே இந்தியாவை விட்டுப் போய்விட்ட வண்டிகளும் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. செவ்ரலே 2017-லும், ஃபோர்டு தயாரிப்பு 2022-லும், டாட்ஸன் 2022-லும் விடைபெற்றன. நல்ல வண்டிகளும் அவற்றில் உண்டு. ஆனால் உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். திரும்ப விற்கும்போது விலை போகாது. பட்டுக்கோட்டையிலும் தஞ்சையிலும் பட்டறைக்குப் பட்டறை பாகம் கிடைக்கிற வண்டியே கிராமத்துக்காரருக்கு உகந்தது.

நெல் கணக்கில் பார்த்தால்

2025-26 பருவத்துக்கு அரசாங்கம் சாதாரண ரக நெல்லுக்கு, தமிழ்நாட்டின் ஊக்கத் தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் நிர்ணயித்தது. மூன்று லட்ச ரூபாய்க் கார் என்பது 120 குவிண்டால் நெல். ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டது என்று வைத்துக் கொண்டால் ஐந்தரை ஏக்கரின் ஒரு போக விளைச்சல். அதாவது முக்கால் வேலிக்கும் அதிகமான நிலத்தில் உழவு, நாற்று, உரம், அறுவடைக் கூலி எதையும் கழிக்காத முழு வருமானம்! விலையை நெல்லாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரிகிறது.

கையில் உள்ள பணம் போதாமல் இரண்டரை லட்சம் கடன் வாங்குவதாகக் கொள்வோம். புது வண்டியைவிடப் பழைய வண்டிக்குக் கடன் வட்டி அதிகம். 14 சதவீத வட்டியில் நான்கு வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 6,830 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 78,000 ரூபாய்.

இதோடு நிற்கவில்லை. தஞ்சைக்குப் போய்த் திரும்ப, நகரச் சுற்றலையும் சேர்த்து 50 கிலோமீட்டர். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு, பெட்ரோல் விலை 100 ரூபாயை ஒட்டி இருந்தால், தடவைக்கு 300 ரூபாய் ஆகும். மாதம் 500 கிலோமீட்டருக்கு 3,000. இன்சூரன்சுக்கு ஆண்டுக்கு 9,000, சர்வீஸுக்கு 7,000, டயர் பேட்டரிக்காக ஒதுக்கி வைக்க 6,000 என்று போட்டால் மாதத்துக்கு 1,800-க்கு மேல். தவணையையும் கூட்டினால் மாதம் 11,600 ரூபாய் கையை விட்டுப் போகும்.

இங்கேதான் டெல்டாவுக்கே உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. தவணை மாதாமாதம் வரும். நெல் பணம் மாதாமாதம் வராது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2024-ல் நீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் ஒரே இரவில் இந்தப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தண்ணீருக்கும் புயலுக்கும் தவணை தெரியாது. ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மழை தெரியாது. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் வீட்டுக்குச் சரியாக வருகிற கடன் திட்டம் விவசாயி வீட்டுக்குச் சரியாக வராது என்பதை உணர வேண்டும். விவசாயக் குடும்பம் கூடுமானவரை கைப்பணத்துக்குள் அடங்குகிற வண்டியை வாங்குவதே நலம். விலைக்கென வைத்திருக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை டயர், பேட்டரி, கிளட்ச் ஆகியவற்றுக்கென்று தனியே வைத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் பேரம் பேச வேண்டும்.

பார்க்கத் தெரிந்தவன் கண்

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். கார் வாங்கும்போது மட்டும் பளபளப்பைக் கண்டு மயங்குகிறார்கள். இருபது ரூபாய் மெழுகில் வந்த பளபளப்பாக இருக்கலாம் அது.

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். ஆயில் மூடியைக் கழற்றினால் உட்புறம் மோர் போல வெளுத்திருக்கிறதா? தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கக்கூடும்; பெருஞ்செலவு வைக்கும். பானெட் கீலின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் வண்டி அடிபட்டுக் கழற்றி மாட்டப்பட்டது என்று கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. மீட்டரில் 30,000 கிலோமீட்டர் காட்டுகிற வண்டியின் கிளட்ச் மிதியும் ஸ்டியரிங்கும் தேய்ந்து வழவழவென்றிருந்தால், மீட்டர் பின்னோக்கி ஓடியிருக்கிறது என்று ஊகிக்கலாம். கம்பெனி சர்வீஸ் பதிவுகளில் தேதிவாரியாகக் கிலோமீட்டர் இருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வயல்நாட்டுக்கென்று ஒரு சோதனை தனியாக உண்டு. களத்தருகே நிற்கும் வண்டிகளில் எலி புகுந்து ஒயர்களைக் கடித்துவிடும். விளக்குகள், ஜன்னல் கண்ணாடிகள், மீட்டர் பலகை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பது அவசியம். அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் வண்டியின் அடியில் சிக்கிச் சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். அடிப்பாகத்தில் கருகிய தடம் இருக்கிறதா என்றும் குனிந்து பார்க்க வேண்டும்.

அனைத்திலும் ஆபத்தானது வெள்ளம் குடித்த வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகளைக் கழுவித் துடைத்து வெளியூருக்கு அனுப்பினால் வாங்குகிறவருக்கு வெளிப்பார்வையில் எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து மின்சாரக் கோளாறு ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஸீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை இருக்கும். கால்மிதி விரிப்பின் அடியிலும், ஸ்டெப்னி டயர் குழியிலும் துருவும் மணலும் தெரியும். உள்ளே செண்ட் வாசனை மிகையாக இருந்தாலும் ஐயம் கொள்ளத்தான் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் பழைய நஷ்டஈட்டு விவரத்தைக் கேட்டறிவது இதற்கெல்லாம் மேலான சாட்சி.

பெயர் மாற்றமே பிரதானம்

வண்டி நன்றாயிருந்தும் காகிதம் நன்றாயில்லாவிட்டால் வாங்கியது வண்டியல்ல, வழக்கு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கு 29, 30 எண்ணுள்ள படிவங்கள் இருக்கின்றன. நடைமுறையிலோ, விற்றவரிடம் தேதி போடாத படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக் கொண்டு, வண்டி இரண்டு மூன்று கை மாறும் வரை ஆர்.சி. புத்தகத்தில் பழைய பெயரையே விட்டுவிடுகிறார்கள். ஆர்.சி.யில் ‘ஓனர்’ எண்ணிக்கை கூடினால் விலை குறையுமே என்ற எண்ணம்தான் காரணம்.

இதனால் விற்றவருக்கு நேரக்கூடிய கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று அடுத்தடுத்துக் கைமாறியது. ஆர்.சி.யில் முதல்வர் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் விபத்துக்குள்ளாயிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு. விற்று வருஷக் கணக்காகியும் விடுதலை இல்லை! ஆகவே கார் விற்கிற ஒரத்தநாட்டுக்காரரும் இதைப் படித்துக் கொள்ள வேண்டும்.

வாங்கியவருக்கும் தொல்லை உண்டு. இன்சூரன்சை 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால் தம் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்குப் பணம் கேட்க முடியாமல் போகும். ‘நோ க்ளெயிம் போனஸ்’ என்ற சலுகை விற்றவருடையது, வண்டியோடு வராது. பழைய கடன் தீர்ந்ததற்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் கடிதமும் 35-ம் எண் படிவமும் இல்லாமல் முழுப் பணம் கொடுக்கலாகாது. அபராதச் சலான்கள் பாக்கி இருக்கின்றனவா என்பதைப் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தால் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பது தலையாய கடமை.

காரைக்கால் பக்கத்திலிருந்து வரும் ‘பி.ஒய். 02’ எண் வண்டிகள் விலை குறைவாகக் கிடைக்கும். தஞ்சையின் ‘டி.என். 49’ எண்ணுக்கு மாற்றத் தடையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அந்த வரியைக் கூட்டிப் பார்த்தால் மலிவு மறைந்துவிடுகிறது.

வியாபாரிகளை ஒழுங்குபடுத்தவும் விதி வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் வெளியாகி 2023 ஏப்ரல் முதல் அமலான மத்திய விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி தம் வசம் வந்ததையும் தெரிவிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் டீக்கடை பெஞ்சில் முடிகிற வியாபாரத்துக்கு இந்த விதி எட்டவில்லை. அங்கீகாரச் சான்றைக் காட்டும்படி வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் எட்டும்.

வாங்காமலிருப்பதும் ஒரு முடிவு

தஞ்சைக்கு வாடகைக் காரில் போய்வரத் தடவைக்கு 1,500 ரூபாய் என்றே வைத்துக் கொண்டாலும், கடனில் வாங்கிய சொந்தக் கார் கட்டுபடியாக மாதம் ஏழு தடவைக்கு மேல் போக வேண்டும். நான்கு வருஷம் கழித்து வண்டி மிஞ்சும் என்பது உண்மையே. ஆனால் அதுவரை மாதாமாதம் பணம் கட்டியாக வேண்டுமே! கைப்பணத்தில் வாங்கியவருக்கு, ஆண்டுக்கு 25,000 ரூபாய் விலை இறங்கினாலும், மாதம் நாலாவது தடவையிலேயே லாபம். இந்த வித்தியாசம் முழுவதும் கடன் செய்கிற வேலை. நகரப் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பகல் நேரப் பயணத்துக்காகவென்று கார் வாங்குவதில் அர்த்தமில்லை.

ஆனால் முடக்குவாதத்தில் படுத்த தாயாரை மாதம் இருமுறை தஞ்சை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்கிற வீட்டில் இந்தக் கூட்டல் கழித்தல் மட்டும் முடிவு சொல்லாது. வாசலில் ஒரு வண்டி நிற்கிறது என்ற தைரியத்துக்கும் விலை உண்டு. அந்தத் தைரியத்தை யாரும் குறை சொல்வதற்கில்லை. அந்த வண்டிக்கு ஏர்பேக் இருக்க வேண்டும், ஆர்.சி.யில் வாங்கியவர் பெயர் இருக்க வேண்டும், அடுத்த போகத்து நெல்லை இப்போதே அடகு வைத்ததாக இருக்கக் கூடாது. இந்த மூன்றும் அமைந்தால் பழைய கார் லாபம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சுமைதான்.